எங்க எண்டர் தட்டணும்?

கேலாங் என்றதும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு இரட்டைப்படை லோரோங்குகளின் சிவப்பு விளக்கும் டுரியான் கடைகளும்தான் ஞாபகம் வரும். எனக்கு இன்னொன்றும் வரும். ஒற்றைப்படை லோரோங் ஒன்றில் பழைய கடைவீட்டு மாடி, ஜன்னலில் கட்டிய ஏரியல், அதன் கீழே விசிறிச் சத்தத்தோடு ஓடும் ஒரு பழைய மடிக்கணினி, அதன் முன்னால் அண்ணன்.

அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், கப்பல் பட்டறையில் எலக்ட்ரிகல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவர். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேப்ளர் அடித்த ஒரு காகிதக் கட்டை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீ கதை கவிதை எல்லாம் படிக்கிற ஆளு. இதைத் தமிழ்ல எழுதிக் குடு."

"யாருக்குண்ணே?"

"எனக்குத்தான். இப்பல்லாம் மறந்து போவுது."

அது லினக்ஸில் ஏஎக்ஸ்.25 அமைப்பதற்கான 'ஹவ்டு' கையேடு. டெர்ரி டாசன் என்ற ஆஸ்திரேலியர் 1990களில் எழுதியது. இந்தக் கட்டுரை அந்தக் கையேட்டைப் பற்றியது. ஒரு நிறுவல் குறிப்புக்கு இலக்கிய விமர்சனமா என்று கேட்பவர்கள் இன்னும் நாலு பத்தி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, 1980களில், வானொலி ஆர்வலர்கள் கணினிகளை ரேடியோ வழியாகப் பேச வைத்தார்கள். செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் யாருக்கு, யாரிடமிருந்து என்று எழுதி, காற்றில் விடுவது. நம் அகராதிகள் இதற்குப் 'பொதி' என்கின்றன. கேலாங்கில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பொதி என்று சொல்ல வாய் வரவில்லை. கடையில் சோறு கட்டித் தருகிறார்களே, அந்தப் பொட்டலம்தான் இது. அந்தப் பொட்டலத்தை எப்படிக் கட்டுவது என்ற விதிதான் ஏஎக்ஸ்.25. அதன் இரண்டாம் பதிப்பு 1984இல் அச்சானது. சாதாரண வேகம் நொடிக்கு 1200 பிட். ஒன்றையும் சுழியத்தையும் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றி அனுப்புவார்கள். காதில் கேட்டால் தவளைக் கூட்டம் மாதிரி இருக்கும். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை என்பதால், வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். காத்திருந்து, தட்டச்சு செய்து, வந்ததைப் படிப்பதற்கான திரைதான் டெர்மினல் நிரல்.

டாசனின் கையேடு அந்தத் திரை வரை நம்மைக் கூட்டிப்போகிறது. அது எழுதப்பட்ட காலத்தில் பெரும்பாலும் இயங்குதளத்தின் கெர்னலையே நாம் தொகுக்க வேண்டியிருந்தது. அமெச்சூர் ரேடியோ ஆதரவு என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, மணிக்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகு நூலகம், அதன் பிறகு கருவிகள், அதன் பிறகு பயன்பாட்டு நிரல்கள். இந்த வரிசையை மாற்றினால் எதுவும் ஓடாது.

இதைத் தமிழாக்க உட்கார்ந்தபோது எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. பவணந்தி முனிவர் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டு விஷயங்கள் வேண்டும் என்கிறார்: எழுதியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்று மூன்றைச் சேர்ப்பவர்களும் உண்டு என்றும் சொல்லி வைக்கிறார். மென்பொருளோடு வரும் ரீட்மீ கோப்பைத் திறந்து பாருங்கள். எழுதியவர் இருப்பார். எந்த நிரலிலிருந்து கிளைத்தது, எந்தெந்த நூலகம் வேண்டும் என்பது வழி. எந்த இயங்குதளத்தில் ஓடும் என்பது எல்லை. பதிப்பு எண்தான் காலம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய பட்டியல் இன்றைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒற்றுமைக்காக ஒற்றுமை சொல்லவில்லை. ரீட்மீயை எதை வைத்து மதிப்பிடுவது என்ற கேள்விக்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது என்கிறேன்.

இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தானே எழுதக்கூடாது. அவருடைய ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர் இவர்களில் ஒருவர்தான் எழுத வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதியவர் பனம்பாரனார். லினக்ஸின் ஏஎக்ஸ்.25 பகுதியை எழுதியவர்கள் ஆலன் காக்ஸ், ஜொனாதன் நெய்லர் முதலியவர்கள். கையேடு எழுதிய டாசன் 'கூடப் படித்தவர்' வரிசையில் வருகிறார். இது சின்ன விஷயம் இல்லை. நிரலை எழுதியவருக்கு அதில் எது கடினம் என்பது மறந்துபோயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து தடுமாறியவருக்குத்தான் எந்த இடத்தில் தடுக்கும் என்று தெரியும். டாசன் தடுக்கும் இடங்களில் நிதானிக்கிறார். உதாரணமாக, அமைப்பு வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அழைப்புக்குறிகளைப் பற்றித் தனியாகப் பேசி முடித்துவிடுகிறார். புதியவர் எல்லோரும் அங்கேதான் குழம்புவார்கள்.

அழைப்புக்குறி என்பது உரிமம் வாங்கியவருக்கு அரசு தரும் பெயர். சிங்கப்பூர்க்காரருக்கு 9வி1 என்று ஆரம்பிக்கும், இந்தியாவில் வியூ. டாசன் தன் உதாரணங்களில் சொந்த அழைப்புக்குறியையே வைக்கிறார். ஓர் இலக்கிய உத்தியாகப் பார்த்தால் எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆசிரியர் தன் பெயரைப் பலியாகக் கொடுத்து, 'இந்த இடத்தில் நீ வா' என்கிறார். ஆனால் ஆபத்தும் இருக்கிறது. யோசிக்காமல் நகலெடுத்து ஒட்டுபவன் ஆஸ்திரேலியர் ஒருவரின் பெயரில் காற்றில் பேச ஆரம்பித்துவிடுவான். உன் பெயர் என்று கொட்டை எழுத்தில் ஒரு காலி இடம் விட்டிருக்கலாம். இந்தக் கையேட்டில் நான் காணும் பெரிய குறை இதுதான். வாசகன் படிப்பான் என்று நம்புகிறது. வாசகன் பல நேரம் நகல்தான் எடுக்கிறான்.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன்.

'கம்பைல்' என்பதற்குத் தமிழில் 'தொகுத்தல்' என்கிறோம். ரொம்ப நாள் எனக்கு இது பிழை என்று தோன்றியது. கம்பைலர் ஒரு மொழியில் எழுதியதை எந்திர மொழிக்குப் பெயர்க்கிறது. அது மொழிபெயர்ப்பு இல்லையா? பழைய கதையைத் தேடியபோது என் எண்ணம் மாறியது. 1952இல் கிரேஸ் ஹாப்பர் செய்த ஏ-0 நிரல், நாடாவில் இருந்த சின்னச் சின்னத் துணைநிரல்களை எடுத்து வரிசையாகச் சேர்த்தது. அதனால்தான் அந்தச் சொல். அதாவது குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோ செய்த அதே வேலை. தொல்காப்பியம் நூல் யாக்கும் வகைகளைச் சொல்லும்போது தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் ஒரே பட்டியலில்தான் வைக்கிறது. இன்றைய கம்பைலர் இரண்டையும் செய்கிறது. ஆகவே தொகுத்தல் இருக்கட்டும்.

இந்த உற்சாகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து முழுக் கையேட்டையும் தமிழாக்கினேன். நிறுவுக, தொகுக்க, கட்டமைக்க, முனையம், நூலகம், தலைப்புக் கோப்பு. எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார். மெதுவாகக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நல்லாருக்கு தம்பி. இதுல எங்க எண்டர் தட்டணும்?"

அந்தக் கேள்வியில் என் ஒரு மாத வேலை போய்விட்டது. நான் கலைச்சொற்களை மொழிபெயர்த்திருந்தேன். எட்டில் ஏழாவதான 'கேட்போர்' யார் என்று யோசிக்கவே இல்லை. நல்ல தமிழ் தெரிந்தவர், கம்பியும் மின்சாரமும் தெரிந்தவர், ஆனால் போன வாரம் தட்டிய கட்டளை இந்த வாரம் நினைவில் நிற்காதவர். அவருக்கான நடை வேறு.

தமிழில் தொழில்நுட்பம் எழுதுபவர்களிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் இதுவே. ஆள் இல்லாமல் இல்லை. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றி ஏராளமாகத் தமிழில் தந்திருக்கிறது. அதன் நல்ல கட்டுரைகளில் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சொல்லித் தரும் குரல் கேட்கும். ஆனால் பொதுவாக நம் தொழில்நுட்பத் தமிழ் ஒரு தேர்வுத் தாளின் குரலில் பேசுகிறது. 'பயனர் கட்டளையை உள்ளிட வேண்டும்.' யார் அந்தப் பயனர்? சிறுகதையில் இப்படி ஒரு பாத்திரம் வந்தால் உயிரில்லை என்று எழுதித் தள்ளுவோம். கையேட்டில் வந்தால் கண்டுகொள்வதில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல் வந்தது. அண்ணனுக்குத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பிப் பார்க்க ஆசை. எனக்கு உரிமம் இல்லாததால் ரேடியோவைத் தொடவில்லை. இரண்டு மடிக்கணினிகளைப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து மற்றொன்றின் மைக் துளைக்கு வயர் இழுத்தோம். சிம் லிம் டவரில் வாங்கிய வயர். கணினியின் ஒலி அட்டையையே மோடமாக்கும் 'டயர்வுல்ஃப்' நிரல் தவளைச் சத்தத்தைப் பார்த்துக்கொண்டது. ஆங்கிலம் சரியாகப் போனது. தமிழில் நாலு வரி அனுப்பினோம். இரண்டாவது வரியின் நடுவில் ஓர் எழுத்து உடைந்து கேள்விக்குறிகளாக வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிறு ஆனது. கண்டுபிடித்ததும் சிரிப்புதான் வந்தது. ஒரு பொட்டலத்தில் வழக்கமாக 256 பைட் வரை கட்டலாம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். புள்ளிக்கும் 3, கொம்புக்கும் 3. கேலாங் என்று எழுத 18 பைட்; ஆங்கிலத்தில் 7 போதும். 256ஐ மூன்றால் வகுத்தால் 85 போக ஒன்று மிச்சம். இடைவெளி இல்லாமல் தமிழ் எழுதினால் 86ஆவது குறியின் தலை ஒரு பொட்டலத்திலும் உடம்பு அடுத்ததிலும் போகும். நாங்கள் எடுத்த டெர்மினல் நிரல் ஒவ்வொரு பொட்டலத்தையும் தனியாகப் பிரித்துத் திரையில் காட்டியது. பாதி எழுத்தை வைத்துக்கொண்டு அதுதான் என்ன செய்யும்?

(தமிழ்க் குறி ஒவ்வொன்றிலும் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஆக மூன்றில் இரண்டு பைட் 'நான் தமிழ், நான் தமிழ்' என்று சொல்வதற்கே போகிறது. நம் மேடைப் பேச்சுகளை நினைத்துக்கொண்டேன்.)

சங்கத் தொகைகளை அடி அளவு வைத்துப் பிரித்தவர்கள் நாம். நான்கு முதல் எட்டு அடி குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அகநானூறு. ஆனால் அந்த எல்லை அடியின் முடிவில் விழுந்தது. 256 என்பது எழுத்தின் நடுவில் விழுகிறது. அந்த எண்ணை முடிவு செய்தவர்கள் மனதில் நம் எழுத்து இல்லை. அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. தமிழுக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 1991இல். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் உழைப்பில் தமிழ்க் கவிதை இணையத்தில் ஏறியது 1995 அக்டோபரில். அவர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். எழுத்துரு செய்ய ஒரு கதைக்காரர்தான் வந்தார் என்பதை இந்த இதழின் வாசகர்கள் மறக்கக்கூடாது.

ஏஎக்ஸ்.25 பொட்டலத்தின் உள்ளே எந்த பைட்டை வேண்டுமானாலும் வைக்கலாம். அந்த விதி உள்ளடக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதே இல்லை. மேலே எழுதும் முகவரிதான் வேறு கதை. பெயருக்கு ஆறு இடம், அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் மட்டும். ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி, காலியான கடைசி பிட்டில் 'முகவரி இன்னும் இருக்கிறது' அல்லது 'முடிந்தது' என்று குறிக்கிறார்கள். எட்டு பிட்டும் தேவைப்படும் எழுத்து அங்கே நுழையவே முடியாது. தமிழில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், தமிழில் பெயர் மட்டும் இருக்க முடியாது. புலம்பெயர்ந்து வாழ்கிறவனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அலுவலகத்தில் என்னைக் கூப்பிடும் பெயரும் ஐந்து எழுத்து ஆங்கிலம்தான்.

ஆனால் அமைப்புக் கோப்பில் ஓர் ஓட்டை இருந்தது. ஆக்ஸ்போர்ட்ஸ் என்ற கோப்பில் ஒரு வரிக்கு ஆறு பத்தி: துறையின் பெயர், அழைப்புக்குறி, வேகம், பொட்டல அளவு, சாளரம், விவரம். முதல் ஐந்தும் எந்திரத்துக்கு. ஆறாவது மனிதருக்கு, எதை வேண்டுமானாலும் எழுதலாம். டாசன் தன் உதாரணத்தில் அங்கே வேகத்தையும் அலைவரிசையையும் எழுதியிருக்கிறார். அண்ணன் அந்த இடத்தில் 'கேலாங் மாடி, ஜன்னல் ஏரியல்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். எந்திரம் ஆட்சேபிக்கவில்லை.

உடைந்த எழுத்துக்கு வைத்தியம் செய்ய வேண்டுமென்றால் நிரலின் மூலத்தை எடுத்துத் திருத்தி நாமே தொகுக்க வேண்டும். ஆயத்தமாகக் கிடைப்பதை நிறுவிக்கொள்வது வேறு, தொகுப்பது வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. திருத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான். பொட்டலத்தின் கடைசியில் அரை எழுத்து இருந்தால் கையில் வைத்துக்கொள், அடுத்தது வந்ததும் சேர்த்துக் காட்டு. தொகுக்கும்போது ஏஎக்ஸ்25 நூலகம் இல்லை என்று பிழை வந்தது. நூலகம் இருந்தது. அதன் ஹெட்டர் கோப்புகள் இல்லை. ஓடுவதற்கு நூலகம் போதும். தொகுப்பதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் ஹெட்டர் வேண்டும், அது தனிப் பொதியில் வரும். நூல் இருக்கிறது, பாயிரம் இல்லை, கம்பைலர் படிக்க மறுக்கிறது. பவணந்தி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தொகுத்தோம். எழுத்து உடையவில்லை. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று நினைக்கிற அந்தத் திரையில் 'கே'யின் கொம்பு இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது. அதைச் சரிசெய்ய எனக்குத் திறமை போதாது. 256 பைட்டுக்கு ஏறக்குறைய 1.7 நொடி, தவளை கத்தி முடிக்கும், ஒரு வரி தமிழ் வரும். அண்ணன் தன் அம்மா பெயரைத் தட்டி அனுப்பினார். அடுத்த கணினியில் வந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு என் மொழிபெயர்ப்பைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒரே ஒரு தாள் எழுதினேன். டாசனிடமிருந்து எடுத்துக்கொண்டது வரிசையையும் நிதானத்தையும் மட்டும். அழைப்புக்குறி வரும் இடத்தில் அண்ணனின் அழைப்புக்குறியையே எழுதினேன், ஏனென்றால் இந்த நூலுக்குக் கேட்போர் ஒருவர்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் தனி வரி. எண்டர் தட்ட வேண்டிய இடத்தில் எல்லாம் சிவப்புப் பேனாவில் ஒரு வளைந்த அம்பு. என்ன வந்தால் சரி, என்ன வந்தால் தப்பு என்று பக்கத்தில். அப்டேட்டுக்குப் பிறகு நிரல் ஓட மறுத்தால் திரும்பத் தொகுப்பது எப்படி என்று தாளின் பின்பக்கம். 'நிறுவுக' போய் 'போடு' வந்தது. 'முனையம்' போய் 'கருப்புத் திரை' வந்தது. 'தொகு' மட்டும் அப்படியே இருக்கிறது. பள்ளியில் படித்த சொல் என்று அவரே வைக்கச் சொன்னார்.

டாசனின் கையேட்டை இப்போது திரும்பப் படித்தால் கெர்னலின் இரண்டாம் வரிசைக் காலத்து விவரங்கள் பாதிக்கு மேல் காலாவதி. ஆனாலும் நான் படித்த பல சிறுகதைத் தொகுப்புகளின் முன்னுரைகளைவிட அது நேர்மையானது. அது சொல்வதைச் செய்து பார்க்கலாம். ஓடினால் உண்மை, ஓடாவிட்டால் பொய். இப்படிச் சோதிக்கப்படும் உரைநடையை நாம் இலக்கியத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம், அதனால் அதைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை, அவர்களும் திருத்திக்கொள்வதில்லை.

போன ஞாயிறு அண்ணன் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தனியாக ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். நான் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வரி சரியாகப் போனது. நாலாவது வரியில் விரல் நின்றது.

"இங்க 'பிறகு'ன்னு போட்டிருக்க. பிறகுன்னா எப்ப?"

எழுந்து போய் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்ததும்' என்று எழுதினேன். விளக்கு எரிந்தது. அணைந்தது. தட்டினார்.